சமையற்கட்டில் ஈன்ற பன்றி

என் கணவர் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு தோல் கிடங்கின் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில், ஓர் ஓடையை ஒட்டி இருந்தது அந்தக் கிடங்கு. பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் கழன்று வரும்வரை தினமும் புரட்டிப் போடுவது அவர் வேலை. முழங்காலுக்குக் கீழே அவருடைய தோல் எப்போதும் வெடித்தே இருக்கும். ஒரு கால் புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தபோது வேலையை விட்டுவிட்டு, ஓடையின் கீழ்ப்பக்கம் அவருக்கிருந்த சின்ன மேட்டு நிலத்தில் பன்றி வளர்க்கத் தொடங்கினார். அந்தச் சமயத்தில்தான் பள்ளிகொண்டாப் பக்கத்திலிருந்து நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தேன். மாமனார், மாமியார் இல்லாத வீடு. நாங்கள் இருவரும் பன்றிகளும்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது.

எங்களுடையவை தெருவில் மேயும் பன்றிகள் அல்ல என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கஞ்சியும் வைத்து, சுற்றுச்சுவருக்குள் வளர்த்தோம். ஜோலார்பேட்டையில் ரயில்வே குடியிருப்பில் இருந்த சட்டைக்காரக் குடும்பங்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், கிறிஸ்துமஸுக்கு எங்களிடம்தான் வாங்கினார்கள். அவர்களுடைய சமையற்காரர் ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிப்போனார். அன்று முழுக்க என் கணவர் நடந்த நடையே வேறாக இருந்தது.

பன்றி ஈனுவதற்கென்று தனியாக ஓர் அறை கட்டியிருந்தார். மூன்று பக்கம் கருங்கல் சுவர், மேலே பனையோலை, கீழே மண் தரை. ஈத்துக் கொட்டில் என்போம். எந்தப் பன்றிக்கு நாள் நெருங்கினாலும் அதற்குள் கொண்டுபோய் விடுவோம். முதல் இரண்டு வருஷம் அதில் பிறந்த குட்டிகள் எல்லாம் தளதளவென்று வளர்ந்தன. அதனால் அது ராசியான கொட்டில் என்று நினைத்தோம். பழைய வைக்கோலின் மேல் புது வைக்கோலைப் போட்டோமே தவிர, அடியில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் கிளறிப் பார்த்ததில்லை.

மூன்றாம் வருஷம் ஆவணியில் எங்கள் பழைய பன்றி பதினொரு குட்டி போட்டது. மூன்றாம் நாள் காலையில் தவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த வாசனை அதற்கு முன் அங்கே இருந்ததில்லை. புளித்த பாலும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த வாசனை. குட்டிகளின் வாலும் பின்தொடையும் நனைந்திருந்தன. மஞ்சள் நிறத்தில் தண்ணீராகவே போய்க்கொண்டிருந்தது. சில குட்டிகள் அந்த நிலைமையிலும் காம்பைத் தேடிப் போய்ச் சப்பின. சப்பியது அப்படியே பின்னால் போயிற்று. மறுநாள் அவற்றின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். மாதுளை ஓட்டைக் காய்ச்சி ஊற்றினேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அந்த வாரத்துக்குள் ஒன்பது போயின. இரண்டு மட்டும் தேறின.

ஏதோ போதாத காலம் என்று இருந்துவிட்டோம். புரட்டாசியில் இரண்டாவது பன்றி ஈன்றது. அது குடியாத்தம் சந்தையிலிருந்து ஆடியில் வாங்கி வந்தது. அதற்கு அதுதான் தலைச்சன் ஈத்து. பத்துக் குட்டி. இந்த முறை மூன்றாம் நாள்கூட ஆகவில்லை. இரண்டாம் நாளே பத்துக்கும் கழிச்சல் கண்டது. தாய்ப்பன்றிக்கோ ஒன்றுமில்லை. அது பாட்டுக்குத் தின்றது, தூங்கியது, பக்கத்தில் வந்த குட்டியை முகர்ந்து பார்த்தது.

என் கணவர் கொட்டில் வாசலில் குந்தியிருந்து ரொம்ப நேரம் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"தண்ணிதான். வேற இன்னா?"

எங்களுக்கு மேல்பக்கத்தில் அந்தத் தோல் கிடங்கு. அந்த வருஷம் அவர்கள் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டி, சுண்ணாம்புத் தண்ணீரையும் ஆவாரம்பட்டைத் தண்ணீரையும் ஓடையில் விட்டிருந்தார்கள். ஓடை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் நாங்கள் பன்றிகளுக்குத் தண்ணீர் எடுத்தோம். ஊற்றுத் தண்ணீர் முன்பைவிடப் பழுப்பாக இருந்தது உண்மைதான். அதனால் நானும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த நாட்களில் குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் கிடங்கு வாசலில் போய் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன். கிடங்கின் முதலாளி பேரணாம்பட்டுக்காரர், கிடங்கை ஒட்டியே வீடு கட்டிக் குடியிருந்தார், அறுபது வயதிருக்கும். எல்லோரும் சாயபு என்றுதான் சொல்வோம். என் கணவர் தன் வாழ்நாளில் அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார்.

"உங்க தண்ணி என் குட்டிங்கள கொல்லுது. ஏழு வருசம் உங்க குழியில நின்னேன். என் காலு போச்சு. இப்போ என் பொழப்பும் போவுது."

கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் குழியை விட்டு வெளியே வந்து நின்றார்கள். சாயபுவின் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் அவர் கத்தவில்லை.

"எங்க வண்டி மாடுங்க அதே ஊத்துத் தண்ணியதான் குடிக்குது. அதுங்களுக்கு ஒண்ணும் ஆவலையேப்பா" என்றார்.

"மாடு வேற, பன்னி வேற" என்றார் என் கணவர். சாயபு உள்ளே போய்விட்டார். பன்றியைப் பற்றி அந்த வாசலில் நின்று பேசியதே அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பி வரும்போது பழைய சிநேகிதர்கள் யாரும் எங்களோடு நடந்து வரவில்லை.

அன்று மாலையே இன்னொரு பயம் வந்து சேர்ந்தது. ஊர் மணியக்காரர் வழியில் என் கணவரை நிறுத்தி, இது பன்றிக் காய்ச்சலாக இருக்கும், மேலே தெரிந்தால் ஆட்கள் வந்து எல்லாப் பன்றியையும் சுட்டுப் புதைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் வீட்டுக்கு வந்து, யாரிடமும் வாயைத் திறக்காதே என்றார். மாட்டு டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னதற்கு, அவர் வந்து பார்த்தால் அவ்வளவுதான், தொழிலே முடிந்தது என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாமல் இப்படிப் பயந்துகொண்டு கிடப்பதைவிட, சுடுவதென்றால் சுட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. இதற்குள் பத்தில் ஒன்பது போய்விட்டன. மறுநாள் விடிந்து பார்த்தபோது கடைசிக் குட்டியும் அப்போதுதான் உயிர் விட்டிருந்தது, உடம்பில் சூடு இருந்தது. அதை வாழையிலையில் சுற்றிக் கூடையில் வைத்து, மேலே ஒரு பழந்துணியைப் போட்டேன். அவரிடம் சொன்னேன்.

"நான் ஆம்பூருக்குப் போறேன்."

அவர் என்னையும் கூடையையும் பார்த்தார். தடுக்கவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை.

சாலையில் ஜட்கா வந்தது. வண்டிக்காரர் எனக்குத் தெரிந்த பாய்தான், நிறுத்தி ஏறச் சொன்னார். கூடையில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் அவர் வண்டியில் ஏறுவது நியாயமில்லை. சொன்னால் அவருக்குச் சங்கடம். "நடந்தே போறேன் பாய், உடம்புக்கு நல்லது" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார். நாலு மைல் நடந்தேன்.

ஆம்பூர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஒரு குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் சிடுசிடுப்பு. கூடைமேல் இருந்த துணியை நீக்கிக் காட்டினதும் சிடுசிடுப்பு போய்விட்டது.

"எப்போ செத்துது?"

"விடியக்காலைல ஐயா."

"நல்ல வேலை பண்ணே. நாள்பட்டுக் கொண்டாந்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு கல் இருந்தது. அதன்மேல் தகரத்தைப் போட்டுக் குட்டியைக் கிடத்தி அறுத்தார். அறுத்துக்கொண்டே கேள்வி கேட்டார். பெரிய பன்றிகள் தின்கின்றனவா? தின்கின்றன. காதிலும் வயிற்றிலும் சிவப்பாகத் திட்டு ஏதாவது? இல்லை. நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடுகிறதா? இல்லை. அவர் சிறுநீரகத்தை எடுத்து, தோலை உரித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பன்னிக் காய்ச்சலா இருந்தா இதுமேல ஊசியால குத்தினாப்பல ரத்தப்புள்ளி இருக்கும். சுத்தமா இருக்குது பாரு. பெரிசுங்களும் படுத்திருக்கும். இது அது இல்லம்மா."

"அப்போ சுட மாட்டாங்களா ஐயா?"

"யாரு சுடறது? எதுக்கு?"

நான் அந்த வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்ததும்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

டாக்டர் குட்டியின் குடலைக் காட்டினார். ஈரத்தாள் மாதிரி மெலிந்து, உள்ளே மஞ்சள் தண்ணீர் நிறைந்திருந்தது. வயிற்றில் மட்டும் தயிராகத் திரிந்த பால் இருந்தது. பால் குடித்திருக்கிறது, பட்டினியால் சாகவில்லை, குடலில் ஒரு கிருமி சேர்ந்துவிட்டது என்றார். நான் உடனே தோல் கிடங்கையும் ஓடைத் தண்ணீரையும் பற்றிச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பொறந்து ரெண்டு நாளான குட்டி தண்ணி குடிக்குமா?"

"குடிக்காது ஐயா. பாலு மட்டுந்தான்."

"தண்ணியக் குடிச்சது யாரு?"

"தாய்."

"தாய்க்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"அப்புறம் தண்ணி மேல எதுக்குப் பழி?"

தினமும் இரண்டு வேளையும் என் கையால் தண்ணீர் வைத்தவள் நான். குட்டிகள் அந்தத் தொட்டிக்கு எட்டக்கூட எட்டாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

இரண்டு ஈத்தும் எங்கே நடந்தது என்று கேட்டார். ஒரே கொட்டில் என்றேன். தரையை எப்போது கொத்தி அள்ளினீர்கள் என்றார். அள்ளியதே இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. இரண்டு வருஷ ஈரமும் சாணமும் அந்த மண்ணில் ஊறிக் கிடக்கிறது, பிறந்த குட்டி காம்பைத் தேடும்போது முதலில் தரையைத்தான் நக்குகிறது, தாயின் மடியும் அதே தரையில்தான் படுத்துக் கிடக்கிறது என்றார். சந்தையில் வாங்கிய பன்றிக்கு ஏன் பத்தும் போயின என்று கேட்டேன்.

"பழைய பன்னி உங்க எடத்து அழுக்குக்குக் கொஞ்சம் பழகினது. அதோட சீம்பாலுல குட்டிக்குக் கொஞ்சம் காப்பு இருக்கும். இது வெளியூர்லருந்து வந்தது, தலைச்சன் வேற. அது பாலுல உங்க எடத்துக் கிருமிக்கு எதிரா ஒண்ணுமில்ல. அதுக்கு ஊசியும் இல்ல, மருந்தும் ஜாஸ்தி கெடையாது. எடத்த மாத்து. அவ்ளோதான்."

கழிச்சலை நிறுத்துவதைவிட, வற்றிப்போகும் உடம்புக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் முக்கியம் என்றும் சொன்னார். காலராவில் மனிதர்கள் சாவதும் அப்படித்தானாம். உப்புப் போட்ட நீர்த்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். கத்தரிப்பூ நிறத்தில் கரையும் ஒரு மருந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, ஈனுவதற்கு முன்னால் தாயின் மடியைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, அப்புறம் இந்த மருந்துத் தண்ணீரால் துடைக்கச் சொன்னார். பழைய கொட்டிலில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை அள்ளிவிட்டு, நீறாத சுண்ணாம்பைப் போட்டு, கூரையைப் பிரித்து வெயிலில் விட வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் அங்கே ஒரு பன்றியும் போகக்கூடாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பன்றிக் காய்ச்சல் இல்லை என்றதும் என் கணவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வேர்வையைத் துடைத்தாரா, தெரியாது. தண்ணீர்க் கதையைச் சொன்னபோது அப்படியே நின்றார்.

"அப்போ நான் சாயபுகிட்ட போய்ச் சொன்னது?"

"தப்பு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மொதல்ல ஒரு ஈத்து பொழைக்கட்டும். அப்பால போறேன். இப்போ போயி, அதுவும் தப்பாப் போச்சுன்னா?" என்றார். எனக்கு அது சரியாகப்படவில்லை. ஆனால் அவர் மனநிலை புரிந்தது.

மூன்றாவது பன்றிக்கு ஐப்பசியில் நாள். நிலத்தின் மேட்டுப் பக்கம், இதுவரை பன்றி கால் வைக்காத இடத்தில் புதுக் கொட்டில் கட்டத் தொடங்கினார். மண்சுவர் இடுப்பளவு எழும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் சுவரில் பாதி கரைந்து குட்டையாகக் கிடந்தது. அன்று காலையிலேயே பன்றி வைக்கோலை வாயில் கவ்விக் கொண்டுபோய் ஒரு மூலையில் குவிக்க ஆரம்பித்திருந்தது. காம்பை அமுக்கினேன், பால் பீச்சியது. அன்று பொழுதுக்குள் ஈன்றுவிடும் என்று தெரிந்துபோயிற்று.

என் கணவர் பழைய கொட்டிலைப் பார்த்தார். கூரை உள்ள இடம் அது ஒன்றுதான். இல்லையென்றால் எங்கள் வீடு. வீடு என்பது ஒரு அறை, அதை ஒட்டிச் சமையற்கட்டு. நான் உள்ளே போய்ப் பானைகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தேன்.

"இன்னா பண்றே?"

"சமையக்கட்டக் காலி பண்றேன்."

"சோறு ஆக்குற எடத்துல பன்னியா?"

"சோறு வெளிய ஆக்கிக்கலாம். பழைய எடத்துல உட்டா இதுவும் போவும். அத நான் இன்னொரு வாட்டி பாக்க மாட்டேன்."

அவர் அடுப்பைப் பலகையால் மறைத்தார். நான் அம்மி, உரல் எல்லாவற்றையும் நகர்த்தி, தரையை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தேன். அறையில் படுக்கைக்கு அடியில் போட்டிருந்த காய்ந்த வைக்கோலை உருவிப் பரப்பினேன். மழையில் நனையாத வைக்கோல் அது ஒன்றுதான் இருந்தது. பிறகு பன்றியைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, அவர் பிடித்துக்கொள்ள நான் தேய்த்தேன். வெந்நீரும் சோப்பும் பட்டதும் அது கண்ணை மூடிக்கொண்டு உறுமியது. காலைத் தூக்கிக் காட்டாத குறைதான். மடியில் மருந்துத் தண்ணீரைத் தடவியபோது என் கை இரண்டும் பழுப்பேறிவிட்டன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கையில் என்ன என்று கேட்டாள், புளி கரைத்தேன் என்று சொல்லிவைத்தேன்.

மதியத்துக்குமேல் ஈன ஆரம்பித்தது. பன்னிரண்டு. ஒன்று செத்துப் பிறந்தது. மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பழந்துணியால் துடைத்துக் காம்பில் விட்டேன். மழைக் குளிருக்கு ஒரு சட்டியில் தணலைப் போட்டு, குட்டிகள் எட்டாத தூரத்தில் வைத்தார் என் கணவர். சாயங்காலம் தாழ்வாரத்தில் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சினேன். புகை முழுக்க வீட்டுக்குள் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அதற்கப்புறம் காத்திருந்த நாட்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டாம் நாள் காலையில் எழுந்து நேராகப் போய் ஒவ்வொரு குட்டியின் வாலையும் தூக்கிப் பார்த்தேன். பதினொரு வாலும் காய்ந்திருந்தன. மூன்றாம் நாளும் அப்படித்தான். இரண்டு நாளும் சாணம் விழுந்த வைக்கோலை உடனுக்குடன் எடுத்துத் தூரத்தில் கொட்டினேன். நான்காம் நாள், எல்லாவற்றிலும் சிறியதாகப் பிறந்த குட்டியின் வால் ஈரமாக இருந்தது.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். உடனே அதைத் தனியாக ஒரு கூடையில் வைத்து, நீர்த்த கஞ்சியில் உப்புப் போட்டு ஆறவைத்து, குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பாலாடையால் வாயோரம் ஊற்றினேன். அந்தப் பாலாடையை என் அம்மா கல்யாணத்தின்போது ஆசையாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். எங்களுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. முதலில் அதில் குடித்தது அந்தப் பன்றிக்குட்டிதான். பால் குடிக்க மட்டும் தாயிடம் விட்டு, பின்பக்கத்தைத் துடைத்து மறுபடி கூடையில் வைத்தேன். நாழிகைக்கு ஒருமுறை நாலு சொட்டு, ஐந்து சொட்டு. அன்று முழுக்க அது தேறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. மறுநாள் தண்ணீராகப் போனது கொஞ்சம் கெட்டியாயிற்று. அதற்கு மறுநாள் காலையில் என் கணவர் கூடைக்குப் பக்கத்தில் குந்தி ஒரு வைக்கோல் துரும்பால் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

"இங்க வா. இத பாரு. கட்டியா போயிருக்குது."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பன்றிக்குட்டியின் சாணத்தைப் பார்த்து ஒரு மனுஷன் இப்படிச் சந்தோஷப்படுவானா என்று அவரே கேட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆவணியிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டதில்லை. மற்ற பத்துக்கும் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் தொடங்கியதும் அவை சமையற்கட்டைவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து என் அடுப்புக் கல்லைத் தள்ளிவிட்டன. அதற்குள் மழையும் விட்டிருந்தது. புதுக் கொட்டிலை முடித்து, தாயையும் குட்டிகளையும் அங்கே மாற்றினோம். சமையற்கட்டை மூன்றுமுறை கழுவி மெழுகினேன். ஆனாலும் ஒரு மாதத்துக்கு ரசத்தில்கூடப் பன்றி வாசனை அடிப்பதாக எனக்குத் தோன்றியது.

மிஞ்சியது சாயபுவிடம் போகிற வேலை. அதை அவருக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடியும் நேரத்துக்கு, துவைத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். வேறு நேரத்தில் போகலாமே என்றேன். அன்றைக்குக் கேட்டவர்கள் இன்றைக்கும் கேட்கட்டும் என்றார். நானும் கூடப் போனேன்.

கிடங்கு வாசலில் அதே ஆட்கள் நின்றார்கள். சாயபு எங்களைப் பார்த்ததும் நின்றார். மறுபடியும் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"சாயபு, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க தண்ணியால இல்ல. என் கொட்டில் மண்ணுல இருந்த அழுக்குதான். டாக்டரு சொன்னாரு. எடத்த மாத்தினேன், குட்டிங்க பொழைச்சிடுச்சு. எல்லார் முன்னாலயும் பேசினேன், எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்."

சாயபு பக்கத்தில் கிடந்த தோல் கட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"நெஜமாவா? டாக்டரே சொன்னாரா?"

"ஆமாங்க சாயபு" என்று நான் சொன்னேன். "நான்தான் போய்க் கேட்டுகினு வந்தேன்."

"அன்னிக்கு எனக்குக் கோவம் வந்துது, வரலன்னு சொல்லல. ஆனா வூட்டுக்குப் போனப்புறம் பயம்தான் ஜாஸ்தி. ஒருவேளை இவன் சொல்றது நெஜமா இருந்தா? என் பேரப்புள்ளைங்களும் அந்த ஊத்துத் தண்ணியதான் குடிக்குது. அன்னிலருந்து எங்க வூட்டுல தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். பெரிய பேஜாராப் போச்சு எனக்கு." வாய்க்கால் பக்கம் கையைக் காட்டி, "அதுக்காக என் வாய்க்கா தண்ணி நல்ல தண்ணின்னு நான் சொல்ல மாட்டேன். அத ஊத்துக்குக் கீழ்ப்பக்கம் போறாப்பல திருப்பிவுடச் சொல்லிட்டேன். தை மாசம் வேலை நடக்கும்" என்றார்.

அவரும் எங்களைப் போலவே இத்தனை நாளாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பழைய கொட்டிலுக்குச் சுண்ணாம்பு வேண்டும், எங்கே வாங்கலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இங்க இல்லாத சுண்ணாம்பா? ரெண்டு மூட்ட எடுத்துக்கோ" என்றார் சாயபு. பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "வண்டியில அனுப்ப முடியாதுப்பா. என் வண்டிக்காரன் உங்க பக்கம் வர மாட்டான். கட்டாயப்படுத்தவும் முடியாது" என்றார்.

"தெரியும் சாயபு. நானே தூக்கிகினு போறேன்."

ஒரு மூட்டையை அவர் தலையில் ஏற்றிக்கொண்டார். இன்னொன்றைக் குழியில் அவரோடு வேலை பார்த்த பழைய சிநேகிதர் ஒருவர் கேட்காமலே தூக்கினார். எங்கள் நிலத்தின் எல்லை வரைக்கும் வந்து இறக்கி வைத்துவிட்டு, குட்டிகள் எத்தனை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பழைய கொட்டிலை ஒரு சாணுக்குக் கொத்தி அள்ளினோம். அடியில் மண் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. நாங்கள் இருவரும் அதை அள்ளித் தூரத்தில் கொட்டினோம். சுண்ணாம்பைப் பரப்பி, கூரையைப் பிரித்துப் போட்டோம். மாசி வரைக்கும் வெயில் அதற்குள் அடித்தது. பங்குனியில் குடியாத்தத்துப் பன்றி மறுபடி ஈன்றபோது அதையும் புதுக் கொட்டிலில்தான் விட்டோம். ஒன்பது குட்டி, ஒன்பதும் பிழைத்தன.

அதற்கப்புறம் எங்களுக்குக் கழிச்சலே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பன்றி வளர்க்கிறவர்களுக்கு அது முழுக்க விட்டுப்போவதில்லை. ஒரு வருஷம், பிறந்த இரண்டாம் வாரத்தில் பசை மாதிரி மஞ்சளாகப் போகிற வேறொரு வகை வந்தது. அது உடனே கொல்லவில்லை, ஆனால் குட்டிகளைத் தேயவைத்தது. சுண்ணாம்புக்கெல்லாம் அது மசியவில்லை. தரையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் காயவிட்ட பிறகுதான் போயிற்று. பால் மறந்த குட்டிகளுக்கு ரத்தமும் சளியுமாகப் போனது இன்னொரு முறை. ஒவ்வொன்றுக்கும் வயது வேறு, நிறம் வேறு, வாசனைகூட வேறு என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் நான் அவரிடம் போனேன். முதல் தடவை மாதிரி பயந்துகொண்டு போகவில்லை. என் கணவரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை, கூடையை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சமையற்கட்டில் பிறந்த பதினொன்றும் பால் மறந்து, மேட்டு நிலத்தில் கடலைக்கொடியைக் கிளறிக்கொண்டு திரிந்தன. நல்ல இளவெயில். என் கணவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எது எது விற்பது, எதை நிறுத்திக்கொள்வது என்று யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தச் சின்னது எங்க?" என்றார்.

நானும் தேடினேன். பதினொன்றும் ஒரே அளவாக இருந்தன. எது அது என்று எங்கள் இருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.